இருவழி வானொலிக்கு உயிர் வரவில்லையா? தூக்கி எறிய முன்னர் பார்க்க வேண்டியவை

கைத்தொலைபேசி வந்த பிறகு இருவழி வானொலியை எம்மில் பெரும்பாலானோர் மறந்துவிட்டோம். ஆனாலும் கனடாவில் எம்மவர் சிலரின் வீடுகளில் அது இன்னும் இருக்கிறது. பார ஊர்தி ஓட்டுபவர்கள் வாங்கி வைத்த சி.பி. வானொலி, பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலிச் சான்றிதழ் பெற்றவர்களின் செற், மூடப்பட்ட டக்சி நிறுவனத்திலிருந்து மலிவாகக் கிடைத்த பழைய செற் என்று ஏதாவது ஒன்று நிலக்கீழ் அறையில் மேசையில் கிடக்கும். வீட்டில் நிலையாக வைத்து, கூரையில் அன்ரெனா பூட்டிப் பாவிக்கும் இப்படியான வானொலியைத்தான் 'பேஸ்' செற் என்கிறோம்.

இது ஏன் இன்னும் தேவை என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2003 ஓகஸ்ட் 14 அன்று பிற்பகல் 4 மணி கடந்து சில நிமிடங்களில் ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரத்தை இழந்தார்கள். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து மரக்கிளைகள் முறிந்தபோது ரொறன்ரோவில் மட்டும் 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. நத்தார் தினத்தைக் குளிரிலும் இருட்டிலும் கழித்த குடும்பங்கள் பல. 2022 யூலை 8 அன்று மின்சாரம் இருந்தது, ஆனால் நாட்டின் பெரிய தொலைத்தொடர்பு வலையமைப்பு ஒன்று முழு நாளும் முடங்கியது. பலரால் 911 ஐக்கூட அழைக்க முடியவில்லை. இப்போதைய வீட்டுத் தொலைபேசிகளில் பெரும்பாலானவை இணைய மோடத்தின் வழியாகவே வருவதால், மின்சாரம் போனால் அவையும் போய்விடும். இடையில் எந்தக் கோபுரமும் எந்த நிறுவனமும் இல்லாமல், ஒரு அன்ரெனாவிலிருந்து இன்னொரு அன்ரெனாவுக்கு நேரே பேசக்கூடியது இருவழி வானொலி ஒன்றுதான்.

ஆனால் அந்த நாளில் பொத்தானை அழுத்தும்போது அது உயிர்பெற வேண்டுமே! வருடக்கணக்கில் தொடாமல் கிடந்த செற் அப்படியே கிடக்கும். "பழுதாகிவிட்டது" என்று ஒருவர் தூக்கி எறிவார். இன்னொருவர் பெரிய பியூஸ் ஒன்றைப் போட்டுப் புகையை வரவழைப்பார். உண்மையில், உயிர் வராத செற்களில் கணிசமானவற்றின் கோளாறு செற்றுக்குள் இல்லை. அது சுவருக்கும் செற்றுக்கும் இடையில், அதாவது பவர் சப்ளை, வயர், பியூஸ், இணைப்பு ஆகியவற்றில் எங்கோ இருக்கிறது. மின்சாரம் வரும் பாதையைச் சுவரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக அளந்துகொண்டு போனால், எந்த இடத்தில் அது காணாமற் போகிறது என்பது தானாகத் தெரியவரும். அதற்குப் பொறியியல் படிப்புத் தேவையில்லை. பொறுமையும் ஒரு மல்ரிமீற்றரும் போதும்.

"வேலை செய்யவில்லை" என்றால் என்ன?

மீற்றரை எடுக்க முன்னர் செற் என்ன செய்கிறது என்பதைச் சரியாகக் கவனியுங்கள். மூன்று விதமான நிலைகள் உண்டு. மூன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு.

முதலாவது, எந்த அசைவும் இல்லாத நிலை. வெளிச்சம் இல்லை, சிறு 'டிக்' சத்தம்கூட இல்லை. இது மின்சாரம் வந்து சேராத நிலை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றியதுதான்.

இரண்டாவது, வெளிச்சம் வருகிறது, ஆனால் சத்தம் இல்லை. இங்கே மின்சாரத்தில் பிழை இல்லை. ஒலியளவு, இரைச்சலை அடக்கும் 'ஸ்குவெல்ச்' திருகி, பின்புறம் செருகப்பட்டிருக்கும் வெளி ஒலிபெருக்கி வயர் ஆகியவற்றைப் பாருங்கள். பழைய சி.பி. செற்களில் 'பி.ஏ.' என்றொரு சுவிச் இருக்கும். அது அந்தப் பக்கம் தள்ளுப்பட்டிருந்தால் செற் வானொலியாக வேலை செய்யாது. ஒலிபெருக்கிக் கருவியாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, செற் உயிர்பெறுகிறது, கேட்கவும் முடிகிறது, ஆனால் பேசுவதற்கு மைக் பொத்தானை அழுத்தியவுடன் அணைந்துவிடுகிறது. இது மின்சாரம் வருகிறது, ஆனால் போதாது என்பதன் அடையாளம். கேட்கும்போது ஒரு செற் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. பேசும்போது அது பல மடங்காகும். 100 வாட் அமெச்சூர் செற் ஒன்று பேசும்போது 20 அம்பியருக்கு மேல் கேட்கும். பாதையில் எங்காவது 0.1 ஓம் தடை இருந்தாலே போதும்: 20 அம்பியர் ஓடும்போது 2 வோல்ற் அந்த இடத்திலேயே காணாமற் போய்விடும். தளர்ந்த ஒரு திருகாணி அந்தத் தடையைத் தர வல்லது.

தொடங்க முன்னர் இரண்டு எச்சரிக்கைகள்

பெரும்பாலான செற்கள் 13.8 வோல்ற் நேரோட்ட மின்சாரத்தில் இயங்குபவை. அந்த 13.8 வோல்ற் உடலுக்கு ஆபத்தானதல்ல. ஆனால் அதைத் தரும் பவர் சப்ளையின் உள்ளே இருப்பது வேறு கதை. கனடாவின் 120 வோல்ற் மின்சாரம் சுவிச்சிங் வகைப் பவர் சப்ளைக்குள் நேரோட்டமாக மாறும்போது சுமார் 170 வோல்ற்றாகும். 230 வோல்ற் நாடுகளில் அது 325 வோல்ற் வரை போகும். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிற்றர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். ஆகவே பவர் சப்ளையின் மூடியைத் திறக்கும் வேலை பயிற்சி பெற்றவருக்கு உரியது. நாம் அதன் வெளியில் மட்டும் அளப்போம். மின்சாரப் பிளக் நேரடியாகவே செற்றுக்குள் போகும் பழைய பேஸ் செற்களுக்கும் இதே விதிதான். அவற்றில் சுவிச்சை அணைத்த பின்னும் உள்ளே மின்சாரம் நிற்கும்.

இரண்டாவது எச்சரிக்கை மீற்றரைப் பற்றியது. மீற்றரின் சிவப்பு வயர் அம்பியர் துளையில் இருக்கும்போது வோல்ற் அளக்கப் போனால், பவர் சப்ளையின் இரண்டு முனைகளையும் நீங்களே ஒன்றாக முட்டவைத்ததற்குச் சமம். ஒவ்வொரு முறையும் வயர் வோல்ற் துளையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அளவுங்கள். அளவு நேரோட்ட வோல்ற்றில், 20 வோல்ற் எல்லையில் இருக்கட்டும்.

முதலாம் இடம்: சுவர்

சிரிக்க வேண்டாம், தேடல் இங்கேதான் தொடங்க வேண்டும். செற்றின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரியவில்லை என்றால் செற்றைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. நிலக்கீழ் அறை, கராஜ் போன்ற இடங்களின் பிளக் பொயின்ற்கள் பெரும்பாலும் ஜி.எவ்.சி.ஐ. எனப்படும் பாதுகாப்புப் பொத்தானுடன் இணைந்திருக்கும். அந்தப் பொத்தான் சிலவேளை அதே பொயின்ற்றில் இருக்காது. குளியலறையிலோ கராஜின் மறுபக்கத்திலோ இருக்கும். அது விழுந்திருந்தால் அழுத்தி மீட்டுவிடலாம். பல துளைகள் கொண்ட நீட்டிப்புப் பலகையின் சுவிச்சையும் பாருங்கள். காலால் தட்டுப்பட்டு அணைந்திருப்பது வழமை.

இரண்டாம் இடம்: பவர் சப்ளை

பவர் சப்ளையிலிருந்து செற்றுக்குப் போகும் வயர்களை முற்றாகக் கழற்றுங்கள். பிறகு பவர் சப்ளையை மட்டும் இயக்கி அதன் சிவப்பு, கறுப்பு முனைகளில் அளவுங்கள். 13.8 வோல்ற் அல்லது அதற்கு மிக அருகில் இருந்தால் அது நலமாக இருக்கிறது என்று இப்போதைக்கு எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான செற்கள் இதில் 15 வீதம் கூடினாலும் குறைந்தாலும் ஏற்றுக்கொள்ளும். அதாவது சுமார் 11.7 முதல் 15.8 வோல்ற் வரை.

செற் இணைந்திருந்தபோது அளவு பூச்சியமாக இருந்து, கழற்றியவுடன் 13.8 திரும்பி வந்தால் அது முக்கியமான தடயம். பவர் சப்ளை பழுதாகவில்லை. செற்றிலோ வயரிலோ ஓரிடத்தில் நேரடியாக முட்டுகிறது. அதைக் கண்டு பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்திருக்கிறது. சில வகைகளை ஒருமுறை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் இயக்கினால்தான் அந்தப் பாதுகாப்பு விலகும்.

செற்றைக் கழற்றிய பிறகும் அளவு பூச்சியம் என்றால், பிளக்கை இழுத்துவிட்டுப் பவர் சப்ளையின் பின்புறத்தில் இருக்கும் பியூஸைப் பாருங்கள். அதன் மூடியைத் திருகிக் கழற்றலாம். எரிந்திருந்தால் அதே அளவு பியூஸ் ஒன்றை ஒரேயொரு முறை போட்டுப் பார்க்கலாம். அதுவும் உடனே எரிந்தால் உள்ளே கோளாறு, அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாடு விட்டு நாடு போய்வரும் எம்மவருக்கு இங்கே தனியாக ஒரு பொறி இருக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். பிரித்தானியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா, இலங்கை ஆகியவற்றில் 230 வோல்ற். லண்டனில் இருக்கும் மைத்துனர் தந்துவிட்ட பழைய, பாரமான, பெரிய மாற்றி கொண்ட பவர் சப்ளையை ரொறன்ரோவில் செருகினால் அதற்கு வேண்டிய மின்னழுத்தத்தில் பாதிதான் கிடைக்கும். வெளியில் 13.8 வராது, செற்றும் உயிர்பெறாது. ஆனால் எதுவும் எரியாது. மறுபக்கம்தான் ஆபத்து. கனடாவுக்கென்று செய்ததை யாழ்ப்பாணத்தில் செருகினால் பியூஸோ உள்ளுறுப்புகளோ அந்தக் கணமே போய்விடும். சில பவர் சப்ளைகளின் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய சிறு சிவப்பு நகர்த்தி இருக்கும். செருக முன்னர் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் எந்த நாட்டிலும் கவலையில்லை. ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இலங்கையில் இருவழி வானொலிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. முன்கூட்டியே பெறாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

மூன்றாம் இடம்: வயரும் பியூஸும்

பவர் சப்ளையில் 13.8 இருக்கிறது என்றால், அடுத்து வயரை மட்டும் பூட்டி, செற்றுக்குள் போகும் பிளக்கின் முனையில் அளவுங்கள். அங்கே ஒன்றும் இல்லையா? அப்படியானால் கோளாறு அந்த ஒரு மீற்றர் நீள வயருக்குள் அடங்கிவிட்டது. பாதி வேலை முடிந்தது.

அமெச்சூர் செற்களின் வயரில் பெரும்பாலும் இரண்டு பியூஸ்கள் இருக்கும். சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று. சிவப்பை மட்டும் பார்த்துவிட்டு "பியூஸ் நல்லாயிருக்கு" என்று சொல்பவர்கள் அதிகம். இரண்டையும் கழற்றிப் பாருங்கள். கண்ணால் பார்த்தும் முடிவுசெய்ய வேண்டாம். கண்ணாடிக் குழாய் பியூஸில் கம்பி முழுதாகத் தெரிந்தாலும் மூடியோடு ஒட்டும் இடத்தில் விட்டிருக்கலாம். மீற்றரைச் சத்தமிடும் தொடர்ச்சிப் பரிசோதனைக்கு மாற்றி இரு முனைகளையும் தொடுங்கள். சத்தம் வந்தால் நல்லது. பியூஸ் நல்லதென்றால் அது உட்காரும் கூட்டைப் பாருங்கள். ஈரப்பதன் உள்ள நிலக்கீழ் அறையில் சில வருடங்கள் கிடந்தால் அங்கே பச்சை நிறக் களிம்பு பிடித்திருக்கும். அது மின்சாரத்துக்கு ஒரு சுவர். நுண்ணிய மணற்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம்.

மீற்றர் பொய் சொல்லும் இடம்

இப்போது பலரைத் திகைக்க வைக்கும் ஒரு நிலை. பவர் சப்ளையில் 13.8. செற்றின் பிளக்கிலும் 13.8. ஆனால் செருகினால் செற்றில் உயிர் இல்லை. "அப்படியானால் செற்தான் பழுது" என்று முடிவெடுக்கத் தோன்றும். பொறுங்கள்.

மீற்றர் அளக்கும்போது ஏறக்குறைய எந்த மின்னோட்டத்தையும் இழுப்பதில்லை. பல இழைகள் கொண்ட வயரில் ஒரேயொரு இழை மட்டும் அறாமல் இருந்தாலும் மீற்றர் 13.8 என்றுதான் காட்டும். குழாயில் அடைப்பு இருக்கும்போது துளித்துளியாக நிரப்பினாலும் குடம் நிரம்பும்தானே. குடம் நிரம்பியதை வைத்துக் குழாய் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. குழாயைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்குச் சிறந்த கருவி, காரின் பின்பக்க பிறேக் விளக்குக்குப் போடும் 21 வாட் பல்ப். 12 வோல்ற்றில் அது சுமார் 1.75 அம்பியர் இழுக்கும். இரண்டு துண்டு வயரை அதில் பற்றவைத்து, செற்றின் பிளக் முனையில் இணைத்து, பல்ப் எரியும்போதே மின்னழுத்தத்தை அளவுங்கள். பல்ப் பிரகாசமாக எரிந்து, அளவு 13 வோல்ற்றுக்கு மேல் நின்றால் பாதை நலம். பல்ப் மங்கலாக எரிந்து அளவு 6, 7 என்று சரிந்தால் வயரிலோ இணைப்பிலோ அடைப்பு. பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே வயரை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பாருங்கள். வெளிச்சம் துடிக்கும் இடம்தான் நோயுள்ள இடம். பெரும்பாலும் அது பிளக்கினுள் வயர் நுழையும் கழுத்தாக இருக்கும்.

பியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால்

புதிய பியூஸ் போட்டவுடன் எரிந்தால் அதைவிடப் பெரியது போடுவதும், வெள்ளித்தாள் சுற்றுவதும் எங்கள் வீடுகளில் நடக்காத விடயமல்ல. பியூஸ் ஒரு தடங்கல் அல்ல, அது காவல்காரன். வயர் சூடாகித் தீப்பிடிக்க முன்னர் தான் உருகி மின்சாரத்தை நிறுத்துவதுதான் அதன் கடமை. காவலனை நீக்கினால் அடுத்து எரிவது செற்றின் உள்ளே இருக்கும் செப்புத் தடம், அல்லது வீட்டின் விரிப்பு.

உடனடியாக எரியும் பியூஸ் பெரும்பாலும் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறது: யாரோ சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கென்றே பல செற்களின் நுழைவாயிலில் ஒரு டயோட்டை வைத்திருப்பார்கள். மின்சாரம் சரியான திசையில் வந்தால் அது சும்மா இருக்கும். மாறி வந்தால் அந்த மின்சாரத்தைத் தன்னூடாகவே திருப்பிவிட்டு, பியூஸை எரித்து, மற்ற உறுப்புகளைக் காப்பாற்றும். ஆனால் இந்தத் தியாகத்தில் அந்த டயோட் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு வயரைச் சரியான திசையில் கொடுத்தாலும் பியூஸ் எரிந்துகொண்டே இருக்கும். "செற் முற்றாகப் போய்விட்டது" என்று எறியப்பட்டவற்றில் இப்படிச் சில சத விலையுள்ள ஒரு டயோட் மட்டும் பழுதானவையும் உண்டு. மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, செற்றின் நுழைவு முனைகள் இரண்டுக்கும் இடையில் மீற்றரை இரு திசைகளிலும் வைத்துப் பாருங்கள். இரு திசையிலும் தொடர்ந்து சத்தம் வந்தால் உள்ளே முட்டுகிறது. பற்றவைக்கத் தெரிந்த எவரும் இந்த டயோட்டை மாற்றிவிடலாம்.

இந்த மாறாட்டம் ஏன் இத்தனை இலகுவாக நடக்கிறது? கனடா வீட்டு மின்சார வயரிங்கில் கறுப்பு வயர்தான் மின்சாரம் கொண்டுவருவது. வெள்ளைதான் திரும்பிப் போவது. வானொலியின் 13.8 வோல்ற் வயரிலோ கறுப்பு என்பது மறை முனை, சிவப்பு நேர் முனை. ஊரில் பழைய வயரிங்கில் சிவப்பில் மின்சாரம், கறுப்பு திரும்பும் வயர் என்று பழகியவர்களும் இருக்கிறார்கள். மூன்று வழக்கமும் தலைக்குள் கலந்தால் கை பிழைவிடும். நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு முறையும் மீற்றரால் நேர் முனை எது என்று பார்த்துப் பூட்டுவதே பாதுகாப்பு.

சந்தேகமான செற்றுக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போதும் அந்தக் கார் பல்ப் உதவும். இம்முறை சிவப்பு வயரின் நடுவில் அதைத் தொடராகப் போடுங்கள். செற்றினுள் எங்காவது முட்டினால் பல்ப் முழுப் பிரகாசத்துடன் எரியும், ஆனால் செற்றுக்குள் புகை வராது. மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ நேரடி முட்டல் இல்லை என்று அறியலாம்.

நான்காம் இடம்: செற்

வயர் வரை எல்லாம் சரியென்றால் இப்போது செற்றைப் பார்க்கலாம். இங்கேயும் பழுது அல்லாத பழுதுகள் சில உண்டு.

புதிய செற்களின் பொத்தான் உண்மையான சுவிச் அல்ல. "எழும்பு" என்று உள்ளே இருக்கும் சிறு கணினிக்குச் சொல்லும் ஒரு மணி மட்டுமே. சிலவற்றில் அதை ஒரு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். தட்டிவிட்டுக் கையை எடுத்தால் ஒன்றும் நடக்காது. குறிப்பிட்ட நேரம் தொடாவிட்டால் தானாக அணையும் வசதி பல செற்களில் இருக்கிறது. "நேற்றிரவு ஓன் பண்ணி வைத்தேன், காலையில் செத்துக் கிடக்கு" என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

முகப்பைத் தனியாகக் கழற்றக்கூடிய செற்களில், முகப்பையும் உடலையும் இணைக்கும் மெல்லிய வயர் தளர்ந்திருந்தால் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. கழற்றி, முனைகளைச் சுத்தம் செய்து, 'டிக்' என்று கேட்கும்வரை செருகுங்கள்.

டக்சி, பள்ளிப் பேருந்து போன்றவற்றிலிருந்து வந்த செற்களில் இன்னொரு நுட்பம் உண்டு. வண்டியின் சாவி திருப்பப்பட்டால் மட்டுமே உயிர்பெறும்படி அவை பல ஒழுங்குசெய்யப்பட்டிருக்கும். அதற்கென்று பின்புறம் ஒரு தனி முனை இருக்கும். வீட்டு மேசையில் சாவி ஏது? அந்த முனைக்கும் 12 வோல்ற் கிடைக்கும்வரை செற் பிணம்போலக் கிடக்கும். செற்றின் மாதிரி எண்ணை வைத்து அதன் கையேட்டைத் தேடி, எந்த முனை என்று உறுதிப்படுத்தி இணைக்க வேண்டும்.

பழைய சி.பி. செற்களில் ஒலியளவுத் திருகியின் பின்னாலேயே சுவிச் இருக்கும். ஒவ்வொரு நாளும் திருகித் திருகி அது தேய்ந்துபோகும். திருகும்போது முன்பிருந்த 'டிக்' உணர்வு இல்லாமற் போனால் அதன்மீதே சந்தேகப்படலாம். இதற்கு அப்பால் விரிசல் விட்ட ஈயப்பற்று, முதுமையால் வீங்கிய கப்பாசிற்றர் என்பவை பழகிய கைக்குரிய வேலைகள்.

மறக்கப்படும் பற்றரி

மின்சாரம் போகும் நாளுக்கென்று வைத்த செற் பற்றரியில்தான் ஓட வேண்டும். ஆனால் தேடும்போது முதலில் செத்திருப்பது பற்றரியாகவே இருக்கும். ஈய அமிலப் பற்றரி சும்மா கிடந்தாலும் தானாக இறங்கும். இணைப்பைக் கழற்றிச் சில மணிநேரம் ஆறவிட்டு அளந்தால் 12.6 வோல்ற் அல்லது அதற்கு மேல் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 11.8 என்றால் வெறுமை. இங்கேயும் வெறும் அளவை நம்பாமல் பல்பை மாட்டிப் பாருங்கள். முதிர்ந்த பற்றரி 12.6 காட்டிவிட்டுப் பல்பைக் கண்டதும் சரியும்.

கராஜில் வைப்பவர்கள் குளிரை நினைவில் வைக்க வேண்டும். நிறைந்த பற்றரி கனடாவின் குளிர்காலத்தைத் தாங்கும். இறங்கிய பற்றரிக்குள் இருப்பது ஏறக்குறைய தண்ணீர். அது உறைந்து கூட்டை வெடிக்கச் செய்யும். லிதியம் இரும்பு பொஸ்பேற் வகைப் பற்றரிகளை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றக் கூடாது. அவை முற்றாக இறங்கினால் உள்ளே இருக்கும் காப்புச் சுற்று வெளியைத் துண்டித்துவிடும். மீற்றர் பூச்சியம் காட்டும். அது எப்போதும் சாவு அல்ல. உரிய மின்னேற்றியை இணைத்தால் பல வேளைகளில் எழும்பிவிடும். எந்த வகையானாலும் பற்றரியின் நேர் முனைக்கு மிக அருகில் ஒரு பியூஸ் கட்டாயம் வேண்டும். பவர் சப்ளை போல அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளாது.

உயிர் வந்த பிறகு

வெளிச்சத்தைக் கண்ட சந்தோசத்தில் உடனே மைக்கை அழுத்த வேண்டாம். அன்ரெனா வயர் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அன்ரெனா இல்லாமல் பேசினால், வெளியேற வழியில்லாத சக்தி திரும்பி வந்து இறுதி டிரான்சிஸ்ரரை எரித்துவிடலாம். திருத்திய செற்றைத் திருத்திய கையாலேயே கொல்வது அதுதான்.

அனுமதி விடயமும் உண்டு. கனடாவில் 27 மெகாஹேர்ட்ஸ் சி.பி. வானொலியின் 40 அலைவரிசைகளுக்கு உரிமம் தேவையில்லை. 9 ஆம் அலைவரிசை அவசர உதவிக்கென்று ஒதுக்கப்பட்டது. 19 இல் பார ஊர்தி ஓட்டுநர்கள் பேசுவார்கள். பிரித்தானியாவிலும் 2006 முதல் சி.பி. இற்கு உரிமம் வேண்டியதில்லை. அமெச்சூர் அலைவரிசைகளில் பேசுவதற்கு எந்த நாட்டிலும் பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெற வேண்டும். கேட்பதற்குக் கனடாவில் அது தேவையில்லை.

திருத்த முடியாத இடத்துக்கு வந்துவிட்டால் உதவி கேளுங்கள். பெரும்பாலான நகரங்களில் அமெச்சூர் வானொலிக் கழகங்கள் இயங்குகின்றன. ஓய்வுபெற்ற தொழில்நுட்பர்கள் பலர் அங்கே இருப்பார்கள். சுவரில் 120, பவர் சப்ளையில் 13.8, பிளக் முனையில் பல்புடன் 13.2, பியூஸ் எரியவில்லை என்று நீங்கள் அளந்தவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அவர்களின் வேலை பாதியாகும். "வேலை செய்யேல்லை" என்று மட்டும் சொல்பவருக்கும் அந்தத் தாளோடு வருபவருக்கும் கிடைக்கும் உதவி ஒன்றல்ல.

மாதம் ஒருமுறை, பத்து நிமிடம்

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் தலைமையிலான இந்திய அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று தங்கியிருந்தது. அவர்கள் மீட்புப் பணிக்குப் போனவர்கள் அல்லர். பொழுதுபோக்காக உலகெங்கும் உள்ளவர்களோடு பேசப் போனவர்கள். தொலைபேசிகள் செயலிழந்த அந்த நாளில், தீவில் இருந்தவர்களைப் பற்றிய செய்திகள் அவர்களது செற்களின் வழியாகத்தான் வெளியே போயின. அது முடிந்ததற்கு ஒரு காரணம் மிக எளிமையானது: முதல் நாள் வரை அந்தச் செற்கள் பாவனையில் இருந்தன. அன்ரெனா கட்டப்பட்டிருந்தது, பவர் சப்ளை சரிபார்க்கப்பட்டிருந்தது, எந்தப் பொத்தான் எதற்கென்று கைக்குத் தெரிந்திருந்தது.

அலுமாரியில் கிடக்கும் செற்றுக்கு அந்த நிலை தானாக வராது. மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவர்ப் பிளக்கைக் கழற்றுங்கள். பற்றரியில் மட்டும் செற்றை இயக்குங்கள். சில நிமிடம் கேளுங்கள். பிறகு பேசி, யாராவது ஒருவரிடமிருந்து பதில் பெறுங்கள். பேசும்போது பற்றரியின் அளவைக் குறித்து, செற்றின் பக்கத்தில் ஒட்டிய தாளில் திகதியோடு எழுதுங்கள். போன மாதம் 12.4, இந்த மாதம் 11.6 என்று தாள் காட்டினால் பற்றரியை மாற்ற நேரம் வந்துவிட்டது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். செற்றின் அளவுக்குரிய உபரிப் பியூஸ்கள் நான்கும் அந்தக் கார் பல்பும் அதே மேசையின் இழுப்பறையில் இருக்கட்டும். வீட்டில் இன்னொருவருக்கும், முக்கியமாக நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது வீட்டில் இருப்பவருக்கும், செற்றை இயக்கிப் பேசக் காட்டிக் கொடுங்கள். மின்சாரம் நீங்கள் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போவதில்லை.